டிக்கியில் நான்கு துளைகள்

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார்: "அண்ணா, காரில் நைட்ரஸ் போடப் போகிறேன். பாட்டிலும் பைப்பும் வெளியே தெரியாமல் எங்கே வைக்கலாம்? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே." நான் இருக்கும் டல்லாஸ் பக்கம்தான் அவரும் வேலை பார்க்கிறார். அவருக்கு மட்டும் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. இங்கே செகண்ட் ஹேண்டில் வேகமான கார் வாங்க ஆசைப்படும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதால், எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நைட்ரஸ் போடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. எனக்கும் அதில் ஆசை உண்டு. பள்ளியில் சிரிப்பூட்டும் வாயு என்று படித்தோமே, பல் பிடுங்கும்போது கொடுப்பார்களே, அதே நைட்ரஸ் ஆக்சைடுதான் இது. தானாக எரியாது. இன்ஜினுக்குள் போய் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடு பட்டதும் நைட்ரஜன் வேறு, ஆக்சிஜன் வேறு என்று பிரியும். காற்றின் எடையில் 23 சதவீதம்தான் ஆக்சிஜன், இதில் 36 சதவீதம். ஆக்சிஜன் கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், அந்த அளவுக்குச் சக்தி கூடும். பாட்டிலில் திரவமாக இருப்பது வெளியே வந்து ஆவியாகும்போது கடுமையாகக் குளிரும். உள்ளே போகும் காற்றும் குளிர்ந்து அடர்த்தியாகும். இரண்டாம் உலகப் போரிலேயே ஜெர்மானியர்கள் ஜிஎம்-1 என்ற பெயரில் இதைப் போர் விமானங்களில் வைத்திருந்தார்கள். காற்று மெலிந்துபோகும் உயரத்தில் இன்ஜின் திணறாமல் இருக்க அது உதவியது.

ஆனால் இது கணக்குக்குக் கட்டுப்பட்ட சக்தி. கூடுதல் ஆக்சிஜனுக்கு ஏற்ற பெட்ரோல் அதே நொடியில் வந்து சேர வேண்டும். வராவிட்டால் கலவை மெலிந்து, சூடு ஏறி, பிஸ்டன் உருகும். ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, இன்ஜின் சுழற்சிக் கணக்கில் 2 டிகிரி பின்னால் தள்ள வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஸ்பார்க் பிளக்கும் ஒரு படி 'குளிர்ந்த' வகையாக மாற வேண்டும். அதாவது தன் முனையின் சூட்டைச் சீக்கிரமாக இன்ஜினுக்குக் கடத்திவிடும் வகை. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களின் கார்கள் வருடக்கணக்கில் நன்றாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் 2006 மாடல் மஸ்டாங் ஜிடி ஒன்று வாங்கினேன். 4.6 லிட்டர் வி8, கம்பெனிக் கணக்கில் 300 குதிரைத்திறன். விற்றவர் ஒரு இளைஞர், தனி ஆள். கார் பளபளவென்று இருந்தது. "எதுவும் மாற்றியதில்லை, அப்படியே ஒரிஜினல்" என்றார். பானட்டைத் திறந்து பார்த்தேன், எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தது. ஓட்டிப் பார்த்ததில் மனசு போய்விட்டது. வாங்கிவிட்டேன்.

மூன்றாவது மாதம் ஆயில் குறைய ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப்புகை. வண்டிக்கு வயசாகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் பிளக் மாற்றலாம் என்று ஒரு பெரியவரின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். நாற்பது வருடமாக இந்த இன்ஜின்களோடு மல்லுக்கட்டுகிறவர். அந்தக் கால ஃபோர்டு வி8களில் பிளக் கழற்றுவது கண்டம். ஒரிஜினல் பிளக் இரண்டு துண்டு சேர்த்துச் செய்தது. கீழ்ப்பாதி கரி பிடித்து ஒட்டிக்கொண்டு, திருகும்போது உடைந்து உள்ளேயே நின்றுவிடும். அதனால் பலர் ஒற்றைத் துண்டு பிளக்குக்கு மாறியிருப்பார்கள். என் காரிலும் ஒற்றைத் துண்டுதான் இருந்தது. அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

பெரியவர் பிளக்கின் எண்ணைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "இது ஒரு படி குளிர்ந்த பிளக். சாதாரணமாக ஓட்டுகிறவன் இதைப் போட மாட்டான்" என்றார். அப்புறம் பிளக்கின் வெள்ளைப் பீங்கானை விளக்குக்கு அடியில் பிடித்துக் காட்டினார். மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள், நடுநடுவே மினுமினுக்கும் பொடி. அந்த மினுமினுப்பு அலுமினியம். கடுமையான நாக்கிங்கில், அதாவது கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பதில், பிஸ்டனிலிருந்து பெயர்ந்து வந்த பொடி.

பிறகு தேடத் தொடங்கினோம். காற்று வடிகட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயின் அடிப்பக்கம், கையை விட்டுத் தடவினால் மட்டும் தெரியும் இடத்தில், சிறிய பித்தளை மூடி ஒன்று திருகியிருந்தது. நைட்ரஸைப் பீய்ச்சும் நாசில் உட்கார்ந்திருந்த துளை அது. சிகரெட் லைட்டருக்குப் பின்னால் பாதியில் வெட்டி டேப் சுற்றிய இரண்டு ஒயர்கள். டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கினால், தரையில் நான்கு துளைகள். கருப்பு சிலிகான் வைத்து அடைத்து, மேலே கார்ப்பெட்டை ஒட்டியிருந்தார்கள். ஒரு பாட்டிலின் பிராக்கெட் உட்காரும் அளவுக்குச் சரியான சதுரம்.

கம்ப்ரஷன் பார்த்தோம், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று. ஏழு சிலிண்டர் நன்றாக இருந்தது. ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பிரித்துப் பார்த்தபோது அந்தப் பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருக்கும் மெல்லிய சுவர் ஒரு நகக்கண் அளவுக்கு உடைந்திருந்தது. வேறு இன்ஜின் வாங்கிப் போட நான்காயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. வீட்டில் கேட்ட பேச்சைத் தனிப் பதிவாகத்தான் எழுத வேண்டும்.

அந்த இளைஞருக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. பணத்தைவிட அதுதான் வலித்தது. நைட்ரஸ் போட்டிருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், விலையைக் குறைத்துக் கேட்டிருப்பேன், வாங்கியதும் கம்ப்ரஷன் பார்த்திருப்பேன். தெருப் பந்தயத்தில் எதிரியிடமிருந்து மறைத்திருப்பார் போல, விற்கும்போது என்னிடமிருந்தும் மறைத்துவிட்டார்.

மறைப்பதில் பெரிய ஆட்களும் உண்டு. 1976 பிப்ரவரி, ஃபுளோரிடாவில் டேட்டோனா 500 பந்தயத்துக்கான தகுதிச் சுற்று. முதல் மூன்று வேகம் ஏ. ஜே. ஃபாய்ட், டாரல் வால்ட்ரிப், டேவ் மார்சிஸ் ஆகியோருடையது. சோதனைக்குப் பிறகு மூவரின் நேரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். ஃபாய்ட், வால்ட்ரிப் இருவர் மேலும் நைட்ரஸ் குற்றச்சாட்டு. மார்சிஸ் மேல் ரேடியேட்டருக்குள் காற்று போகாமல் அடைத்த குற்றச்சாட்டு. அதற்குள் ஃபாய்ட் இன்டியானாபொலிஸ் 500-ஐ மூன்று முறை வென்றவர், 1972இல் இதே டேட்டோனா 500-ஐயும் வென்றவர். அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. வால்ட்ரிப் மழுப்பவில்லை. ஏமாற்றாமல் இருந்தால் முட்டாளாகத் தெரிவோம், ஏமாற்றி மாட்டாவிட்டால் ஹீரோ, மாட்டினால் மடையன், என்னை எதில் சேர்க்க வேண்டுமோ அதில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி சொன்னார். அமெரிக்காவில் இன்றும் அந்தப் பேச்சைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதே வால்ட்ரிப் பிறகு 1981, 82, 85 என்று மூன்று முறை நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடரின் சாம்பியன் ஆனார், 1989இல் அந்த டேட்டோனா 500-ஐயே வென்றார். அவ்வளவு கை இருந்தவருக்கு அந்த பாட்டில் எதற்கு என்று ஒவ்வொரு முறையும் மனசு கேட்கிறது.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இங்கே 'கிரட்ஜ்' பந்தயம் என்று ஒன்று உண்டு. இரண்டு பேர் பணம் கட்டி நேருக்கு நேர் ஓட்டுவார்கள், நேரம் காட்டும் பலகையைக்கூட அணைத்துவிடுவார்கள். எதிரி காரில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எல்லாம் இருக்கும் என்று நினைத்துத்தான் பணத்தை வைப்பார்கள். அங்கே பாட்டிலை மறைப்பது சீட்டாட்டத்தில் சீட்டை நெஞ்சோடு வைத்துக்கொள்வது மாதிரி. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அங்கேகூட, எதிரியின் கண்ணுக்கு மறைத்தால் போதும். டிராக்கில் சோதனை செய்கிறவருக்கு மறைக்கக் கூடாது.

காரணம் இருக்கிறது. இங்கே நேர்கோட்டுப் பந்தயங்களை நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பின் விதிப்படி பாட்டிலில் டாட் 1800 என்ற அழுத்தத் தர முத்திரை இருக்க வேண்டும், நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும். ஓட்டுநர் உட்காரும் பகுதியில் இருந்தால் அழுத்தம் கூடும்போது வாயு வெளியேறும் குழாய் அந்தப் பகுதிக்கு வெளியே போக வேண்டும். தெர்மோஸ்டாட் வைத்த போர்வை மாதிரியான ஹீட்டரைத் தவிர வேறு எதனாலும் பாட்டிலைச் சூடாக்கக் கூடாது. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, மறைக்க நினைக்கிறவன் எதையெல்லாம் கழற்றுவான் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் காட்டிக்கொடுக்கும், அது முதலில் போகும். அழுத்தம் காட்டும் மீட்டர் கண்ணில் படும், அதுவும் போகும். கெட்டியான பிராக்கெட்டுக்கு ஸ்டெப்னிக் குழியில் இடம் போதாது, வார் போட்டுக் கட்டிவிடுவான். எச்சரிக்கை ஸ்டிக்கரைக் கிழித்துவிடுவான்.

டெக்சாஸ் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டில் ஒழுங்காக வேலை செய்யும் அழுத்தம் 900இலிருந்து 1000 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்தில் இத்தனை பவுண்டு). 36 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாகவே நிற்காது. அதற்கு மேல் சூடு ஏற ஏற அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். ஆகஸ்ட் மத்தியானம் பார்க்கிங்கில் நிற்கும் காரின் டிக்கி எவ்வளவு சூடாகும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 3000 பிஎஸ்ஐ வாக்கில் பாதுகாப்புத் தகடு கிழிந்து மொத்த வாயுவும் வெளியே பாயும். குழாய் இல்லாவிட்டால் அது பாய்வது காருக்குள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டு, பின்சீட்டில் குழந்தையோடு போகும் காருக்குள். காருக்கு விற்கும் நைட்ரஸில் கொஞ்சம் சல்ஃபர் டை ஆக்சைடு கலந்திருப்பார்கள், யாரும் முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அந்த எரிச்சலோடு மூச்சும் திணறும்போது ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பீர்கள்?

இதில் என்னால் மன்னிக்கவே முடியாத ஒரு தந்திரம் இருக்கிறது. பாட்டிலுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, தீயணைப்பான் மாதிரி ஜோடித்து சீட்டுக்கு அருகே வைப்பது. இதைப் பெருமையாகச் சொல்கிறவர்களை நேரில் கேட்டிருக்கிறேன். கார் எங்கேயோ மோதித் தீப்பிடிக்கிறது, வழியில் போகிற ஒரு நல்ல மனுஷன் ஓடிவந்து அந்தச் சிவப்பு பாட்டிலை எடுத்துத் தீயின் மேல் திறக்கிறான் என்று வையுங்கள். நைட்ரஸ் தானாக எரியாதுதான், ஆனால் எரிவதற்கு ஆக்சிஜன் கொடுக்கும். உதவ வந்தவன் கையில் எதைக் கொடுத்திருக்கிறோம்?

தம்பி, உங்களுக்கு என் பதில் இதுதான். நைட்ரஸ் போடுங்கள், சின்ன ஷாட்டில், அதாவது குறைந்த அளவு கூடுதல் சக்தியில், தொடங்குங்கள், டியூன் தெரிந்தவரிடம் போங்கள். பாட்டிலை டிக்கியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிராக்கெட் போட்டு வையுங்கள், வெளியேற்றும் குழாயைக் காருக்கு வெளியே விடுங்கள். ரோட்டில் வால்வைத் திறக்காதீர்கள். என்னிஸில் டெக்சாஸ் மோட்டார்பிளெக்ஸ் என்ற பந்தய டிராக் இருக்கிறது, பக்கம்தான், நானும் வருகிறேன். இப்படிக் கார் வாங்கப் போகிற மற்றவர்கள் ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள், காற்றுக் குழாயின் அடியைத் தடவிப் பாருங்கள், பிளக்கைக் கழற்றி எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். விற்கிறவர் வேண்டாம் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

அந்த மஸ்டாங்கைப் போன வருடம் விற்றேன். வாங்க வந்த பையனிடம் முதலில் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினேன். கார்ப்பெட்டை உரித்து நான்கு துளைகளையும் காட்டினேன். உடைந்த பிஸ்டனின் போட்டோ, இன்ஜின் மாற்றிய பில், பித்தளை மூடி எங்கே இருக்கிறது என்று நான் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். அவன் துளைகளில் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தான். ஆயிரம் டாலர் குறைத்துக் கேட்டான். கொடுத்தேன்.