‘எல்லாம் நிரப்பியே வருது, அமுக்கி விடு’ன்னு சொல்றவங்களுக்கு

வருமான வரி ரிட்டர்ன் போடுறது இப்போ ரெண்டு நிமிஷ வேலைன்னு யாராவது சொன்னா வயிறு எரியுது. “எல்லாத்தையும் அவனே நிரப்பி வச்சிருக்கான், கீழ போய் அமுக்கிட்டு வா”ன்னு ஆபீஸ்ல சொல்றாங்க, ஜெராக்ஸ் கடையில சொல்றாங்க, படிச்ச பிள்ளைங்களும் வீட்ல அப்பாகிட்ட இதையேதான் சொல்றாங்க. நிரப்பி வர்றது என்ன? பேங்க் குடுத்த தகவல், கம்பெனி குடுத்த தகவல், ஷேர் புரோக்கர் குடுத்த தகவல். அதுல ஒண்ணு விட்டுப்போயிருந்தாலும், ஒரே வட்டி ரெண்டு தடவை ஏறியிருந்தாலும், கடைசிப் பக்கத்துல ‘எல்லாம் உண்மை’ன்னு உறுதி குடுக்கறது நீங்க. தப்பு பண்ண பேங்க்குக்கு நோட்டீஸ் போகாது. உங்க பேருக்குத்தான் வரும்.

நம்ம வடசென்னையில, மணலியில காண்ட்ராக்ட்ல இருக்கறவர், எம்.சி. ரோடு துணிக்கடையில கணக்கு எழுதறவர், திருவொற்றியூர்லேர்ந்து ஓஎம்ஆர் வரைக்கும் வேலைக்குப் போய்ட்டு வர்ற பொண்ணு, எல்லாரும் கேக்கறது அதே நாலஞ்சு கேள்விதான். எல்லாத்துக்கும் தெளிவான பதில் இருக்கு. சொல்லத்தான் ஆள் இல்ல.

முதல் கேள்வி: “7 லட்சம் வரைக்கும் வரியே கிடையாதுன்னாங்களே, நான் எதுக்கு ரிட்டர்ன் போடணும்?” 2024-25 நிதியாண்டுக்குப் புது வரி முறையில (பெரும்பாலான கழிவு இல்லாம, விகிதம் குறைச்ச முறை) வரி தொடங்கறது 3 லட்சத்துல. 7 லட்சம் வரைக்கும் வர்ற வரியை 87ஏ பிரிவுத் தள்ளுபடி அடிச்சுடுது, அவ்வளவுதான். அந்தத் தள்ளுபடியை ரிட்டர்ன்லதான் கேக்கணும். கழிவெல்லாம் போறதுக்கு முன்னாடி மொத்த வருமானம் 3 லட்சத்தைத் தாண்டினா ரிட்டர்ன் கட்டாயம், வரி பூஜ்யமா இருந்தாலும். அதுக்கு அடுத்த நிதியாண்டுக்கு, அதாவது 2025-26க்கு, இந்த ரெண்டும் 4 லட்சம், 12 லட்சம்னு மாறிடுச்சு. “12 லட்சம் வரைக்கும் ஒண்ணும் வேணாம்”னு ஊரெல்லாம் பேச்சு. அதை நம்பி எத்தனை பேர் போடாம விடப் போறாங்களோ.

இன்னொண்ணும் சேத்துக்கங்க. ஷேர் வித்த லாபம் மாதிரி தனி விகிதத்துல வரி போடுற வருமானத்துக்குப் புது முறையில இந்தத் தள்ளுபடியை வரித் துறை குடுக்கறதில்ல. சம்பளத்துக்கு வரி இல்லேன்னாலும், 2024 ஜூலை 23-லேர்ந்து வித்த ஷேரோட குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீதம் தனியா நிக்கும்.

அடுத்தது வருஷத்து நடுவுல வேலை மாறினவங்க. அதிகம் அடி வாங்கறது இவங்கதான். கணக்கைப் பாருங்க. ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் ஒரு கம்பெனியில 3,60,000. அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் இன்னொரு கம்பெனியில 4,80,000. முதல் கம்பெனி “உனக்கு 7 லட்சத்துக்குள்ளதான்”னு ஒரு பைசா பிடிக்கல. ரெண்டாவது கம்பெனியும் தன் சம்பளத்தை மட்டும் பாத்து, சம்பளக்காரர் எல்லாருக்கும் உள்ள 75,000 நிலைக்கழிவைக் குடுத்து, ஒண்ணும் பிடிக்கல. ரிட்டர்ன்ல ரெண்டையும் கூட்டினா 8,40,000. நிலைக்கழிவு ஒரே ஒரு தடவைதான், போக 7,65,000. தள்ளுபடி போச்சு. 3லேர்ந்து 7 லட்சம் வரைக்கும் 5 சதவீதம் 20,000, மேல இருக்கற 65,000-க்கு 10 சதவீதம் 6,500, அந்த வரி மேல செஸ் 4 சதவீதம் சேத்து 27,560 ரூபா. அதோட முன்வரி கட்டலன்னு 234பி, 234சி வட்டி. 2025 செப்டம்பர்ல ரிட்டர்னோட சேத்துக் கட்டினவங்களுக்கு வட்டியே ஏறக்குறைய 3,000. புதுக் கம்பெனியில சேரும்போது படிவம் 12பி-யில பழைய சம்பளத்தை எழுதிக் குடுத்திருந்தா மாசா மாசம் பிடிச்சு முடிச்சிருப்பாங்க. அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்க எச்ஆருக்கு என்ன கஷ்டம்? ஐடி கார்டுக்கு போட்டோ கேக்கத் தெரியுது, இதைக் கேக்கத் தெரியல. பழைய கம்பெனி வரியே பிடிக்காததால அந்தச் சம்பளம் நிரப்பி வர்ற படிவத்துல சில பேருக்கு வராமலே போகும். ‘அமுக்கி விடு’ன்னு அமுக்கினவர், ஒண்ணும் தெரியாமலே வருமானத்தை மறைச்சவர் ஆயிடறாரு.

வட்டி விஷயத்துலயும் இதே கதைதான். “பேங்க்லதான் டிடிஎஸ் பிடிச்சாச்சே, திரும்ப எதுக்குக் காட்டணும்?” டிடிஎஸ்னா காசு குடுக்கறவங்களே முன்கூட்டிப் பிடிக்கற வரி. பிடிச்ச 10 சதவீதம் முன்பணம், முழு வரி இல்ல. உங்க வரி அடுக்கு 20 சதவீதம்னா மீதி 10-ஐ நீங்க கட்டணும். “அப்போ பிடிக்காததைக் காட்ட வேணாமே?” அதுவும் கிடையாது. 2024-25-ல ஒரு பேங்க்ல வருஷத்துக்கு 40,000 ரூபாய்க்கு மேல வட்டி வந்தாத்தான் பிடிப்பாங்க, மூத்த குடிமக்களுக்கு 50,000. ரெண்டு பேங்க்ல 35,000, 35,000-ன்னு வந்தா எவனும் பிடிக்க மாட்டான், ஆனா 70,000-மும் வருமானம். டெபாசிட் முதிரல, காசு கைக்கு வரலேன்னாலும் பேங்க் வருஷா வருஷம் ஏத்தற வட்டியை அந்தந்த வருஷமே காட்டணும். அப்பதான் டிடிஎஸ் கணக்கோட ஒத்துப்போகும். சேமிப்புக் கணக்கு வட்டிக்கு 10,000 கழிக்கற 80டிடிஏ பழைய முறையில மட்டும்தான்.

இதையெல்லாம் சரிபாக்கத்தான் ஏஐஎஸ்-னு, உங்க வருஷ வரவு செலவுத் தகவலைத் தொகுத்துக் காட்டற அறிக்கை ஒண்ணு 2021 நவம்பர்லேர்ந்து இருக்கு. வருமான வரி போர்ட்டல்ல நுழைஞ்சு ஏஐஎஸ்-ஐ இறக்குங்க. பிடிஎஃப் திறக்கலன்னு மூடிடாதீங்க: கடவுச்சொல் பான் எண் சின்ன எழுத்துல, அதை ஒட்டி பிறந்த தேதி, மாசம், வருஷம் எட்டு இலக்கமா. உள்ள போனா ஒரே டெபாசிட் வட்டி டிடிஎஸ் பகுதியில ஒரு தடவையும், பேங்க் தனியா அனுப்பின பட்டியல்ல இன்னொரு தடவையும் நிக்கலாம். மாமியாரோட கூட்டுக் கணக்குல உங்க பேர் முதல்ல இருந்தா அவங்க வட்டி முழுசும் உங்க தலையில நிக்கும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல கருத்து சொல்ற இடம் இருக்கு: ‘இது இரட்டிப்பு’, ‘இது வேற பானுக்கு உரியது’ன்னு தேர்ந்தெடுக்கலாம். பேங்க்ல வட்டிச் சான்று வாங்கி ஒப்பிட்டுப் பாக்காம அந்த எண்ணை அப்படியே ஏத்துக்காதீங்க.

டிடிஎஸ் பத்திப் பேசும்போது இதைச் சொல்லாம போக முடியாது. சம்பளத்துல வரி பிடிச்சுட்டு அரசாங்கத்துக்குக் கட்டாத கம்பெனிங்க இருக்கு. சம்பளச் சீட்டுல பிடித்தம் இருக்கும், உங்க பான்ல கட்டின வரியைக் காட்டற 26ஏஎஸ் பட்டியல்ல இருக்காது. நீங்க கழிச்சுக் காட்டினா பெங்களூர்ல இருக்கற மையச் செயலாக்கப் பிரிவு அதை ஏத்துக்காம உங்களுக்கே பாக்கி போடும். 1961 வருமான வரிச் சட்டத்தோட 205-வது பிரிவு என்ன சொல்லுது தெரியுமா? சம்பளத்துல பிடிச்ச வரியை மறுபடி ஊழியர்கிட்ட நேரடியாக் கேக்கக் கூடாது. இந்த மாதிரி பாக்கியைக் கட்டாயப்படுத்தி வசூலிக்க வேணாம்னு நேரடி வரிகள் வாரியமே 2015-ல எழுதியிருக்கு. அப்படியிருந்தும் பாக்கி நோட்டீஸ் ஊழியருக்குத்தான் வருது. வந்தா பயந்து கட்டாதீங்க. ‘ஒப்புக்கொள்ளவில்லை’ன்னு பதில் போட்டு, சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் ரெண்டையும் சேத்து, 205-வது பிரிவைக் குறிப்பிடுங்க. ஜூன் 15-க்குள்ள குடுக்க வேண்டிய படிவம் 16-ஐ (சம்பளத்துல பிடிச்ச வரிக்கான சான்று) இழுத்தடிக்கற கம்பெனின்னா ஒவ்வொரு காலாண்டும் 26ஏஎஸ்-ஐப் பாத்துக்கங்க.

பழைய முறையா புது முறையாங்கற கேள்வி படிவத்துல எப்படி வருதுன்னு பாருங்க. ‘எந்த முறை வேணும்’னு நேரா கேக்கறதில்ல. புது முறையிலேர்ந்து விலகற விருப்பத்தைப் பயன்படுத்த விரும்பறீங்களான்னு கேக்குது. ‘இல்லை’ன்னு முன்னாடியே குறிச்சு வச்சிருக்கு. பழைய முறை வேணும்னா ‘ஆம்’ போடணும். வேகமா அமுக்கிட்டுப் போறவங்க புது முறைக்குள்ள போயிடறாங்க, வீட்டு வாடகைப் படி (எச்ஆர்ஏ), 80சி சேமிப்புக் கழிவு எல்லாம் பூஜ்யமாயிடுது. கம்பெனி புது முறையில பிடிச்சிருந்தாலும் சம்பளக்காரர் ரிட்டர்ன்ல பழைய முறைக்கு மாறலாம், ஆனா கெடுவுக்குள்ள போட்டிருக்கணும். தாமத ரிட்டர்ன்ல அந்த வாய்ப்பு கிடையாது.

வாடகைப் படியிலதான் நம்ம ஏரியாவுக்குன்னே தனிச் சிக்கல். கழிவு மூணு தொகையில எது குறைவோ அதுதான்: கம்பெனி குடுத்த படி, கட்டின வாடகையில அடிப்படைச் சம்பளத்தோட 10 சதவீதம் போக மீதி, சென்னைங்கறதால அடிப்படைச் சம்பளத்துல 50 சதவீதம். அடிப்படைச் சம்பளம் மாசம் 25,000, படி 10,000, தண்டையார்பேட்டையில வாடகை 9,000-னு வச்சுக்கங்க. வருஷ வாடகை 1,08,000, அதுல 30,000 போக 78,000. கழிவு அவ்வளவுதான், வாங்கின 1,20,000 முழுசும் இல்ல. அட்வான்ஸ் வாடகை ஆகாது. கரன்ட் பில், தண்ணிக் காசு, மெயின்டனன்ஸ் எதுவும் வாடகை ஆகாது. லீஸுக்கு 5 லட்சம் குடுத்துட்டு மாச வாடகையே இல்லாம இருக்கறவங்களுக்குக் கழிவே கிடையாது, ஏன்னா வாடகைன்னு ஒண்ணு கட்டவே இல்ல. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா வீட்டு ஓனரோட பான் வேணும். வாடகையைக் கையில வாங்கிக்கிட்டு, ரசீதும் தராம, பான் கேட்டா “வேற வீடு பாத்துக்க”ன்னு சொல்ற ஓனருங்ககிட்ட மாட்டின குடும்பங்க நியாயமான கழிவை விட்டுட்டு உக்காந்திருக்கு. அவங்க வரியை மிச்சம் பிடிக்க இவங்க வரி கட்டறாங்க. குறைஞ்சது வாடகையை பேங்க் வழியா அனுப்புங்க, கட்டினதுக்குச் சாட்சியாவது இருக்கும்.

ரீஃபண்ட் வரலேன்னு அலையறவங்க முதல்ல பாக்க வேண்டியது பேர். நம்மகிட்ட குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். பான் விண்ணப்பம் இனிஷியலை ஏத்துக்காது, அப்பா பேரை விரிச்சுக் கடைசிப் பேரா போடச் சொல்லும். பான்ல ‘செல்வம் கன்னியப்பன்’, ஆதார்ல ‘செல்வம் கே’, பாஸ்புக்ல ‘கே. செல்வம்’. மூணும் ஒரே ஆள்னு தெருவுல எல்லாருக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. பேங்க் கணக்கு சரிபார்ப்புல தோத்துடும், ரீஃபண்ட் நின்னுடும். இந்த நாட்டுல கோடிக்கணக்கான பேர் இப்படித்தான் பேர் வச்சிருக்காங்கன்னு இத்தனை வருஷமா ஒரு அமைப்புக்குப் புரியலேன்னா அது யார் தப்பு? பானைத் திருத்தறதை விட, பான் நகலைக் குடுத்து பேங்க்ல பேரை மாத்தறது சுலபம். மாத்தினதும் போர்ட்டல்ல கணக்கை மறுபடி சரிபாக்கக் குடுத்து, ரீஃபண்டை மறுபடி அனுப்பச் சொல்லி கோரிக்கை போடுங்க. உங்க பேங்க் இன்னொரு பேங்கோட சேந்து ஐஎஃப்எஸ்சி கோட் மாறியிருந்தாலும் இதே வழிதான். ஆதாரோட இணைக்காத பான்னா ரீஃபண்ட் வராது, 1,000 ரூபா கட்டி முதல்ல இணைக்கணும்.

டெலிவரி ஓட்டற பசங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு டிடிஎஸ் பிடிக்கறது பெரும்பாலும் காண்ட்ராக்ட் காசுக்கான 194சி பிரிவுல 1 சதவீதம். அது சம்பளம் இல்ல, தொழில் வரவு. சம்பளக்காரங்க போடற ஐடிஆர்-1 படிவம் உங்களுக்கு இல்ல, ஐடிஆர்-4. சின்னத் தொழிலுக்கான 44ஏடி பிரிவுல பேங்க் வழியா வந்த வரவுக்குக் குறைஞ்சது 6 சதவீதம் லாபம் காட்டணும், நிஜ லாபம் அதிகம்னா அதைக் காட்டணும். பெட்ரோலைத் தனியா கழிக்க முடியாது. வேற வருமானம் இல்லேன்னா பிடிச்ச காசு முழுசும் திரும்ப வரும். சம்பளம்னு போட்டுக் குடுக்கற ஏஜென்ட்டாலதான் ‘குறைபாடுள்ள ரிட்டர்ன்’னு நோட்டீஸ் வருது. அதுக்குப் பதில் சொல்ல 15 நாள்தான்.

இந்த ஏஜென்ட்டுங்க மேலதான் எனக்குப் பெரிய கோபம். “ரீஃபண்ட் எடுத்துத் தரோம், வர்றதுல பங்கு குடு”ன்னு ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்களைப் பிடிக்கறாங்க. குடுக்காத கட்சி நன்கொடை 80ஜிஜிசி-யில, இல்லாத இன்சூரன்ஸ் 80டி-யில, கட்டாத வாடகை. போர்ட்டல்ல தங்களோட மெயில், தங்களோட போன் நம்பர். நோட்டீஸ் அந்த மெயிலுக்குப் போய்த் தூங்குது. 2025 ஜூலை 14 அன்னிக்கு வருமான வரித் துறை நாடு முழுக்கச் சோதனை போட்டது இந்த மாதிரி ஆளுங்க மேலதான், தமிழ்நாட்டுப் பேரும் அதுல வந்துச்சு. ஆனா பொய்க் கணக்குக்கு 270ஏ-யில வரி மேல 200 சதவீதம் வரைக்கும் அபராதம் வர்றது ரிட்டர்ன் யார் பேர்ல இருக்கோ அவருக்கு. பங்கு வாங்கினவன் நம்பரை மாத்திட்டுப் போயிடுவான்.

2024-25 வருமானத்துக்கு ரிட்டர்ன் போடற கெடுவை 2025 ஜூலை 31-லேர்ந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளி, கடைசி நேரத்துல 16 ஆக்கினாங்க. விட்டவங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரைக்கும் தாமத ரிட்டர்ன்: வருமானம் 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் 1,000, மேலன்னா 5,000. தப்பாப் போட்டவங்களுக்கும் அதே டிசம்பர் 31 வரைக்கும் திருத்தின ரிட்டர்ன், அதுக்குக் கட்டணம் கிடையாது. அதுக்கு அப்புறம் காலம் கடந்து போடற ஐடிஆர்-யு மட்டும்தான். அதுல வரி, வட்டி மேல முதல் வருஷம் 25 சதவீதம் கூடுதல், ரீஃபண்ட் கேக்கவே முடியாது.

ஏஜென்ட்கிட்ட குடுத்தவங்க போர்ட்டல்ல போட்ட ரிட்டர்னை இன்னிக்கே இறக்கி, கழிவுப் பகுதியை வரி வரியா படிங்க. மெயிலையும் நம்பரையும் உங்களுதா மாத்துங்க, கடவுச்சொல்லையும் மாத்துங்க. நீங்க குடுக்காத நன்கொடை இருந்தா எடுத்துட்டு, வித்தியாசத்தை ‘இ-பே டேக்ஸ்’ல சுயமதிப்பீட்டு வரியா கட்டுங்க, 2024-25 வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26-னு சரியாப் போடுங்க. அப்புறம் திருத்தின ரிட்டர்னை (2025 டிசம்பர் 31 தாண்டியிருந்தா ஐடிஆர்-யு-வை) அனுப்பி 30 நாளுக்குள்ள ஆதார் ஓடிபி போட்டு வெரிஃபை பண்ணுங்க. வெரிஃபை பண்ணலேன்னா நீங்க அனுப்பினது ரிட்டர்னாவே கணக்குல வராது.