எங்கய்யா என் எஃப்-4?

நேற்று சாயங்காலம் ஆறே முக்கால். மருந்து மொத்தக் கடையில் மூச்சு விட நேரமில்லாத நேரம். லைன் வண்டி வாசலில் நிற்கிறது, மூன்று போனும் ஒன்றாக அடிக்கிறது, கவுண்டரில் ஒருத்தர், "அந்த இன்சுலினை மட்டும் முதல்ல போட்டு விடுங்கண்ணே, ஐஸ் உருகுது" என்று நிற்கிறார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மௌஸைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டிப் பென்சில் படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பத்து ஸ்டிரிப்பை பதினைந்தாக மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. பத்தொன்பது வருஷமாக அதற்குக் கீபோர்டில் எஃப்-4 சாவி. நான் யோசிப்பதற்கு முன்னால் விரல் போய்விடும். இப்போது பில் போடுகிற மென்பொருளையே மாற்றிவிட்டார்கள். அந்த வரி மேல் மௌஸைக் கொண்டுபோனால் பென்சில் தலைகாட்டும், கொஞ்சம் நகர்ந்தால் ஓடி ஒளிந்துகொள்ளும். அதை அமுக்கினால் ஒரு பெட்டி திறக்கும். திருத்தி, சேமி. உடனே "நிச்சயமாக மாற்றவா?" என்று கேட்கும். ஆமாய்யா, நிச்சயமாகத்தான்!

பழைய மென்பொருள் அழகென்று நான் சொல்லவே மாட்டேன். நீலத் திரை, வெள்ளை எழுத்து, வேறெதுவும் கிடையாது. முதலாளி மகன் அதை "மியூசியம்" என்பான். ஆனால் ஒரு திரையில் 22 வரி தெரியும். மருந்துப் பேரில் மூன்று எழுத்து அடித்து என்டர் தட்டினால், எந்த பேட்ச் முதலில் எக்ஸ்பைரி ஆகுமோ அது மேலே வந்து நிற்கும். எண்ணிக்கை, என்டர், அடுத்தது. கண் ஆர்டர் சீட்டில் இருக்கும், காது போனில் இருக்கும், கை பாட்டுக்கு ஓடும்.

புதுசில் ஒன்பது வரி. மிச்சமெல்லாம் வெள்ளை வெளேர், முகூர்த்தம் முடிந்த மண்டபம் மாதிரி. எழுத்து வெளிர் சாம்பல். நாற்பத்தெட்டு வயசுக் கண்ணுக்கு அது எழுத்தா தூசியா என்று தெரியவில்லை. இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். மருந்துப் பேரை வெட்டுகிறானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பேர் கொஞ்சம் நீளமென்றால் பாதியில் நிறுத்தி மூன்று புள்ளி. அது 500ஆ 1000மா, சாதா மாத்திரையா, மெதுவாகக் கரைகிற எஸ்.ஆரா, எல்லாம் அந்த மூன்று புள்ளிக்குள். சர்க்கரைக்காரர் உடம்போடு விளையாடுகிற விஷயமய்யா இது! இதை வரைந்த புண்ணியவான் வாழ்க்கையில் ஒரு தடவையாவது மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்திருப்பானா?

டிரெய்னிங் கொடுக்க ஒரு தம்பி வந்தார். நல்ல பையன், அவர்மேல் கோபமில்லை.

"தம்பி, எஃப்-4 எங்க?"

"அதுக்குப் பதிலா ஐகான் குடுத்திருக்கோம் சார். கிளிக்கே கம்மி."

கிளிக் கம்மியாம். மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். அதே சீட்டு, அதே இருபது ஐட்டம். பழையதில் ஒன்றே முக்கால் நிமிஷம், புதுசில் நாலு நிமிஷத்துக்கு மேல்.

என் அண்ணன் மகள் கோயம்புத்தூரில் இந்த டிசைன் வேலைதான் பார்க்கிறாள். அவளிடம் புலம்பினேன். "சித்தப்பா, இது பழைய கதை" என்று ஒரு சங்கதி சொன்னாள். நியூயார்க்கில் நைனெக்ஸ் என்று ஒரு டெலிபோன் கம்பெனி. ஆபரேட்டர்களுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கப் பார்த்தார்கள். திரை வேகம், தட்டவேண்டிய சாவியும் குறைவு, அதனால் நேரம் மிச்சம் என்று கணக்கு. உட்கார்ந்து அளந்தால் புதுசு சுமார் 4 சதவீதம் மெதுவு! 1993-இல் ஆய்வாகவே வெளிவந்திருக்கிறது. காரணம்தான் அருமை. ஆபரேட்டர் எப்படியும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் தட்டுகிற சாவிகளைக் குறைத்தார்கள்; அதில் நயா பைசா லாபமில்லை. மாறாக ஒரு சாவியைக் கொண்டுபோய்க் கடைசியில், எல்லோரும் அதற்காகவே காத்திருக்கிற இடத்தில் வைத்துவிட்டார்கள். கம்பெனி அதை வாங்கவில்லை. எங்கள் முதலாளி வாங்கிவிட்டார், வருஷ சந்தாவோடு.

புதுசே வேண்டாமென்று நான் அடம்பிடிக்கவில்லை. 2020 ஆகஸ்டில் அமெரிக்க சிட்டி பேங்க் ரெவ்லான் கம்பெனி கடனுக்கு 78 லட்சம் டாலர் வட்டி அனுப்பப்போய், கிட்டத்தட்ட 90 கோடி டாலரை அனுப்பித் தொலைத்தது. அசல் வெளியே போகாமலிருக்க வங்கியின் ஃப்ளெக்ஸ்கியூப் மென்பொருளில் மூன்று கட்டங்களில் குறியிட வேண்டும், ஒன்றில்தான் இட்டிருந்தார்கள். அந்தக் கட்டங்களின் பேர் பிரின்சிபல், ஃப்ரண்ட், ஃபண்ட். இந்தப் பேரை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன விளங்கும்? மூன்று பேர் சரிபார்த்தும் சிக்கவில்லை. சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர மாட்டோமென்று வாங்கினவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். 2022 செப்டம்பரில் அப்பீலில்தான் வங்கி ஜெயித்தது. அப்படிப்பட்ட திரையை மாற்று, கும்பிட்டுக் கூப்பிடுகிறேன்.

எங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது, எக்ஸ்பைரி ரிட்டர்ன். கடைக்காரர் காலாவதிச் சரக்கைப் பையில் கட்டி அனுப்புவார். ஒவ்வொரு ஸ்டிரிப்புக்கும் பேட்சைப் பார்த்து, எந்த பில்லில் போனதென்று தோண்ட வேண்டும். 2025 செப்டம்பர் 22-இல் மருந்துக்கு ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 ஆனதிலிருந்து இன்னும் நாய்ப்பாடு. எந்தச் சரக்கு எந்த வரியில் போனதென்று பழைய பில்லை எடுத்தால்தான் தெரியும். பேட்ச் நம்பரைப் போட்டுத் தேட வழியில்லை; தேதி தேதியாகப் புரட்ட வேண்டும். எத்தனை தடவை எழுதிப் போட்டிருப்போம்!

அந்தத் திரையைத் தொடவே இல்லை. புது மெனுவில் அழகாக ஒரு டப்பா படம். அதை அமுக்கினால் உள்ளே அதே பழைய கட்டங்கள், அதே "ரன்டைம் எரர் 3021". ஒழுகுகிற கூரையை விட்டுவிட்டு வாசலுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள்.

இன்று காலையில் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷம் சங்கீதம் கேட்ட பிறகு ஒருவர் வந்தார். எஃப்-4ஐச் சொன்னேன், மூன்று புள்ளியைச் சொன்னேன், பேட்ச் தேடுவதைச் சொன்னேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாராம்.

"சார், ஒரு நல்ல செய்தி. கண்ணு கூசுதுன்னு நிறைய பேர் சொன்னதால அடுத்த வெர்ஷன்ல டார்க் மோட் குடுக்கறோம். அடர் நீலத்துல, வெள்ளை எழுத்தோட."