பின் அக்சிலை நகர்த்தச் சொல்லும் தகவல் பிழை, அனுப்பாதீர்கள்

திருகோணமலை வான்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: பின் அக்சிலின் (இரு பின் சில்லுகளையும் இணைக்கும் அச்சு) வலப்பக்கத்தை 10 மி.மீ. பின்னுக்குத் தள்ளிப் பூட்டினால் ரேஸ் கார் மாதிரி வளைவில் பிடித்து ஓடுமாம், டீசலும் மிச்சமாம். பிழை.

ரேஸ் காரில் பின் அக்சிலைச் சற்றுக் கோணலாக வைப்பது உண்டுதான். ஆனால் அது அமெரிக்க ஓவல் (முட்டை வடிவ) ஓடுதளங்களுக்கான வேலை, அங்கே போட்டி முழுக்க இடப்பக்கம் மட்டுமே திருப்பம். நிலாவெளிக்கும் கந்தளாய்க்கும் ஓடுகிற நாங்கள் இரண்டு பக்கமும் திரும்புகிறோம், ஒரு பக்கம் கிடைப்பது மறுபக்கம் போய்விடும். டீசல் மிச்சத்துக்கு இதில் காரணமே இல்லை.

இடது, வலது பின் சில்லுகளுக்கிடையே 1400 மி.மீ. என்றால் அந்த 10 மி.மீ. சுமார் 0.4 பாகை. சின்னதாகத் தெரியும், ஆனால் வான் நண்டு போலச் சரிந்து ஓடும், நேர் றோட்டிலும் ஸ்டேரிங் வலப்பக்கம் திரும்பியே நிற்கும். ஈர மணலில் ஓட்டிப் பார்த்தால் பின் சில்லின் தடம் முன் தடத்தை விட்டு விலகியிருக்கும். இன்னும் பயமானது, இதற்காக லீஃப் ஸ்பிரிங் (அக்சிலோடு பூட்டியிருக்கும் பட்டை வில்) நடு போல்ட்டின் துளையை அராவிப் பெருப்பிப்பது. அக்சிலை இடத்தில் வைத்திருப்பதே அந்த போல்ட்தான், ஆட்களை ஏற்றிக்கொண்டு பிரேக் அடிக்கையில் அது அசைந்தால்?

சந்தேகம் என்றால் வாகனத்தின் சேவைக் கையேட்டைப் பாருங்கள், அல்லது நான்கு சில்லு அலைன்மென்ட் செய்யும் இடத்தில் த்ரஸ்ட் ஆங்கிள் (பின் சில்லுகள் பார்க்கும் திசை வானின் நடுக்கோட்டிலிருந்து விலகும் கோணம்) அளவைக் கேளுங்கள், அது பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். தகவல் வந்த குழுவிலேயே இதைப் போட்டுவிடுங்கள் அண்ணன்மாரே, அதை மட்டும் இனி அனுப்ப வேண்டாம்.