தனுஷ்கோடி ரோட்டில் ஓடுறவங்க தண்ணியை எங்கே வைக்கிறது?

ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஓடுறவங்களைப் பார்த்தாலே தோள் வலிக்குது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 9.5 கிலோமீட்டர், போய்த் திரும்பினா 19. 2017-ல் ரோடு திறந்ததிலிருந்து ஓடத் தோதான இடம்தான். ஆனா நிழல்னு ஒண்ணும் பெருசா இல்லை, தண்ணி இல்லாம முடியாது.

கையில் பிடிச்சா ஒரு கிலோ ஒரே பக்கம். கைவீச்சு குறையும், தோள் இறுகும். அதைவிடத் தொல்லை குலுங்கல். நிறைஞ்ச பாட்டில் சத்தம் போடாது. கொஞ்சம் குடிச்சதும் உள்ளே காத்து புகுந்துடும், அப்புறம் ஒவ்வொரு எட்டுக்கும் ஆண்கடல் (அலை கொந்தளிக்கிற பக்கத்துக் கடல்) மாதிரி மோதும். பாட்டில் மாட்டி இடுப்புல கட்டுற பெல்ட் மேலேறி வயித்தைப் பிடிக்கிறதும் இதனாலதான். பெல்ட்தான் வேணும்னா இடுப்பெலும்பு மேல இறக்கிக் கட்டி, 250 மில்லி பாட்டில் பக்கத்துக்கு ஒண்ணு. அதுக்கு மேல தாங்காது.

என் ஓட்டு, நெஞ்சுப் பக்கம் ரெண்டு 500 மில்லி சாஃப்ட் ஃபிளாஸ்க் (அமுக்கினா சுருங்குற மெத்துப் பாட்டில்) வைக்கிற வெஸ்ட்டுக்கு, அதாவது உடம்போட ஒட்டின கையில்லாத ஓட்டச் சட்டைக்கு. குடிக்கக் குடிக்க அது சுருங்கிடும், காத்துக்கு இடமில்லை. கழுத்து வரை நிரப்பி, லேசா அமுக்கி, தண்ணி விளிம்புக்கு வந்ததும் மூடியைத் திருகுங்க. ரெண்டுலயும் மாறி மாறிக் குடிங்க, இல்லேன்னா ஒரு பக்கம் சாயும். வாரை வீட்டுல இறுக்கினா போதாது. பாதித் தண்ணி தீர்ந்ததும் வெஸ்ட் தளரும், அங்கேயே ஒரு தடவை இழுத்து விடணும்.

சதுரகிரி ஏறுறவங்களுக்கு முதுகுப் பைக்குள்ள ஒன்றரை, ரெண்டு லிட்டர் தண்ணிப்பை சரி. நடையில குலுக்கல் குறைவு. நிரப்பி மூடினதும் தலைகீழாப் பிடிச்சு, குழாய் வழியா உள்ளே இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்துடுங்க. குடிச்சதும் குழாயில ஒரு ஊது ஊதித் தண்ணியைப் பைக்கே அனுப்புங்க. குழாயில நிக்கிற தண்ணிதான் வெயில்ல முதல்ல சுடும். நம்ம கடற்கரையில இதே பைன்னா, சோழகம் (தென்காத்து) வீசுற மாசத்துல குழாயோட கடிச்சுக் குடிக்கிற முனையில மணல் ஏறும், மூடி போட்டது வாங்குங்க.

எவ்வளவு கொண்டு போறது? ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்க. குறைஞ்ச கிலோவோட நடுவுல குடிச்ச லிட்டரைக் கூட்டினா, போன வியர்வை ஏறக்குறைய அவ்வளவுதான். கடற்காத்து உடனுக்குடன் உலர்த்திடுறதால வியர்க்கவே இல்லைன்னு தோணும், சட்டையில வெள்ளைக் கோடு விழுந்த பிறகுதான் தெரியும்.

ஒரு ஃபிளாஸ்க்கில் பச்சைத் தண்ணி, இன்னொண்ணுல ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர்ல கொட்டாதீங்க, வயித்தைக் கலக்கும். வீட்டுலயே ஒரு லிட்டர்ல கரைச்சு, பாதியை ஊத்திக்கங்க. வெறுந்தண்ணியையே அளவில்லாமக் குடிச்சாலும் ரத்தத்துல உப்பு குறைஞ்சு தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும்.

மீனவக் குடும்பங்க மணல்ல ஊத்து தோண்டி நல்ல தண்ணி எடுக்கிறதைப் பார்த்து, ‘அங்கே கிடைக்கும்’னு கிளம்பாதீங்க. உப்புத்தண்ணி மேல மிதக்கிற கொஞ்சத் தண்ணி அது, ஆழமாத் தோண்டினா கரிக்கும். அவங்க குடிதண்ணி அது.

வந்ததும் வெஸ்ட்டை நல்ல தண்ணியில அலசிடுங்க. ரெண்டு நாள் அப்படியே கிடந்தா உப்பு ஏறி ஜிப் நகராது.