காப்பிப் பூ விக்கிரகம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இந்நேரம் ஏற்காட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். வீடியோ கீழே சேலம் வரைக்கும் போய்விட்டது. அஸ்தம்பட்டியில் இருக்கிற என் நாத்தனாரே போன் போட்டு, "என்னங்க அண்ணி உங்க மலையில?" என்று கேட்டார். அதனால் யார் எவர் என்று நான் திரும்ப எழுதப்போவதில்லை. சபையின் பெயரும் வேண்டாம், பிரசங்கம் செய்ய வந்த சகோதரரின் பெயரும் வேண்டாம். திருவிருந்து கொடுக்கிற திருப்பந்தி மேசையில் இருந்த, மழைக்குப் பூத்த காப்பிப் பூக் கிளையை அவர் ஆராதனை நடுவில் எடுத்து வெளியே போடச் சொன்னார். "இயற்கையை ஆராதிக்கிற ஆவி சபைக்குள் வந்துவிட்டது" என்று மைக்கில் சொன்னார். அந்தக் கிளையைக் கொண்டுவந்து வைத்த ஆயா, வயசு எழுபதுக்கு மேல், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்தேன்.

மூன்று நாளாக எழுதாமல் இருந்தேன். கோபத்தில் எழுதக் கூடாது என்று இருந்தேன். இப்போதும் கோபம் போகவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேதத்தைக் கொண்டும் ஜெபத்தைக் கொண்டும் திருவிருந்தைக் கொண்டும் நம்மைப் புதுப்பிக்கிற அதே கர்த்தர், மழையையும் வெயிலையும் பனியையும் கொண்டும் நம்மைப் புதுப்பிக்கிறார். இது புது உபதேசம் இல்லை. ஜலப்பிரளயம் வடிந்ததும் தேவன் கொடுத்த வாக்கு என்ன? "பூமியுள்ள நாளளவும் விதைப்பும் அறுப்பும், சீதளமும் உஷ்ணமும், கோடைகாலமும் மாரிகாலமும், பகலும் இரவும் ஒழிவதில்லை." ஆதியாகமம் 8:22. கோடை முடிந்து மழை வருகிற ஒவ்வொரு தடவையும் அந்த வாக்கு நிறைவேறுகிறது. அதைப் பார்த்து ஒரு ஆயாவுக்கு ஸ்தோத்திரம் வந்தால், அது எந்த ஆவி?

திங்கட்கிழமை காலையிலேயே எனக்குப் பவுல் எழுதின கலாத்தியர் நிருபம் 4:10 அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். "நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும் பாராட்டிவருகிறீர்களே." சரி, படித்தேன். நீங்கள் அந்த நிருபம் முழுவதையும் படித்தீர்களா? கிறிஸ்து போதாது, விருத்தசேதனமும் வேண்டும், நியாயப்பிரமாணமும் வேண்டும் என்று புறஜாதி விசுவாசிகள் கழுத்தில் நுகம் வைத்தவர்களுக்கு எதிராக எழுதியது அது. காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு ஆயா பூ வைத்ததற்கு எதிராக எழுதியது இல்லை. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது பெந்தெகொஸ்தே பண்டிகைவரைக்கும் எபேசுவில் இருப்பேன் என்கிறார். அவரிடம் காலண்டர் இருந்தது. ரோமர் 14-ல், நாட்களை விசேஷித்துக்கொள்கிறவன் கர்த்தருக்கென்று விசேஷித்துக்கொள்கிறான் என்றும் எழுதியிருக்கிறார். அந்த வசனத்தை யாரும் எனக்கு அனுப்பவில்லை.

அதைவிட முக்கியம் அப்போஸ்தலர் 14. லீஸ்திராவில் சப்பாணி நடந்ததைப் பார்த்துவிட்டு ஜனங்கள் பவுலையும் பர்னபாவையும் தேவர்கள் என்று நினைத்து எருதுகளையும் பூமாலைகளையும் கொண்டுவந்தார்கள். பூமாலை என்றதும், "பாருங்கள், பவுலே தடுத்தார்" என்று சிலர் ஓடி வருவீர்கள். ஆமாம், தடுத்தார். வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு தடுத்தார். மனுஷனுக்குப் பலி போடுவதைத் தடுத்தார். தடுத்துவிட்டு அந்த மக்களிடம் என்ன சொன்னார்? தேவன் "வானத்திலிருந்து மழைகளையும் செழிப்புள்ள காலங்களையும்" தந்து, ஆகாரத்தினாலும் சந்தோஷத்தினாலும் இருதயங்களை நிரப்பி, தம்மைக்குறித்துச் சாட்சி விளங்கப்பண்ணினார் என்றார். மழை சாட்சி. காலங்கள் சாட்சி. வேதம் தெரியாத ஊரில் பவுல் எடுத்த முதல் ஆதாரமே இதுதான். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை மைக்கில் பேசியவர் யாருடைய சாட்சியை வெளியே போடச் சொன்னார்?

இன்னொன்று. ஈஸ்டர் தேதி எப்படி வருகிறது? மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. அதனால்தான் மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25 வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் வருகிறது. கி.பி. 325-ல் நிசேயாவில் சபைத் தலைவர்கள் கூடிப் பேசியவற்றில் இதுவும் ஒன்று. சூரியனையும் நிலவையும் பார்த்துத்தான் உயிர்த்தெழுதலைக் கொண்டாடுகிறோம். நம் ஆண்டவர் மரித்தது யூதர்களின் பஸ்கா பண்டிகைச் சமயம், அங்கே வாற்கோதுமை அறுப்புத் தொடங்குகிற சமயம். அறுப்பின் முதற்கதிரை ஆலயத்தில் அசைவாட்டுவார்கள். அதை வைத்துத்தான் பவுல், கிறிஸ்து "நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார்" என்று எழுதுகிறார். வயலைத் தெரியாதவனுக்கு அந்த வசனத்தின் பாதி போய்விடும்.

நம் மலைக்கு வருகிறேன். சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில், கலெக்டர் காக்பர்ன் காலத்தில். லண்டன் மிஷன் என்ற மிஷனெரிச் சங்கம் சேலத்தில் ஊழியம் தொடங்கியது 1827-ல். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்தப் பக்கம் வந்தவை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளில் இருந்தவர்கள் சுவிசேஷத்தைக் கேட்டது மண்வெட்டியும் கூடையும் கையில் இருந்தபோது. நவம்பர் முதல் பழம் பறிப்பு, அப்போது சபையில் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகிற ஆகமன காலம். கிறிஸ்துமஸ் கீதம் பாடப் போகிற வீட்டு வாசலில் எல்லாம் காப்பிப் பழத்தின் தோல் உரிக்கிற பல்ப்பிங் வாசனை இருக்கும். மாசியில் மண் வெடித்துக் கிடக்கும்போது லெந்து, ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலம். பெந்தெகொஸ்தே முடிந்து திரித்துவ ஞாயிறுக்குப் பிறகு ஆல்டரில் பச்சைத் துணி போடுவோம், மாசக்கணக்கில் மாற்றவே மாட்டோம். அந்த மாசமெல்லாம் செடியிலும் காய் பச்சையாகவே நிற்கும். சின்ன வயசில் இதை யாரும் எனக்கு விளக்கவில்லை, நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்த மலையில் விசுவாசம் இப்படித்தான் வளர்ந்தது.

"அது சேர்வராயன் கோயில் பழக்கம், அங்கிருந்து தொற்றியது" என்று ஒருவர் அந்த வீடியோவின் கீழே எழுதியிருக்கிறார். மே மாசத் திருவிழாவுக்கு மலைக்கிராமத்து ஜனங்கள் போவதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அவர்கள் எங்கள் அக்கம்பக்கம். அவர்களும் பூ வைக்கிறார்கள் என்பதற்காகப் பூ எங்களுக்கு அந்நியம் ஆகிவிடாது. "காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்" என்று சொன்னது இயேசு. கவனித்துப் பார் என்று கட்டளை கொடுத்திருக்கிறார்.

அறுப்பின் பண்டிகைக்கு வருகிறபோது மட்டும் இந்தச் சந்தேகம் யாருக்கும் வருவதில்லை. அன்றைக்குப் பலாப்பழம் வரலாம், வாழைத்தார் வரலாம், மிளகு வரலாம், உயிரோடு சேவலே வரலாம். ஏலம் விட்டு, ஒரு முட்டை ஆயிரம் ரூபாய்க்குப் போனால் கைதட்டுவோம். விலை போகிற பொருள் பரிசுத்தம், விலை போகாத பூ விக்கிரகம் என்றா சொல்ல வருகிறீர்கள்?

இதை எழுதும்போது எனக்கு வேறு ஒன்று நினைவு வருகிறது. வலிக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் வாய் திறக்காது. பாமாலைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஜெபக்குழுவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று காப்பி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் சொன்னார்: "சிஸ்டர், நீங்க பின்வாங்கிப்போயிட்டீங்க. மறைவான பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணுங்க." புருஷனைப் புதைத்து ஈரம் காயவில்லை. நான் எதை அறிக்கை பண்ணுவது?

அப்போது அப்பா இருந்தார். எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து ரிட்டையர் ஆனவர். வேத பாடமெல்லாம் அவருக்குத் தெரியாது. என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிப்ரவரி மாசம், சில்வர் ஓக் நிழலில் கூட இலை தொங்கிக் கிடந்தது. ஒரு கிளையை வளைத்து இலைக்கணுவைக் காட்டினார். இலைக்காம்பு ஒட்டுகிற இடத்தில் அரிசி அளவுக்குப் பச்சை மொக்குகள், நெருக்கமாக, மேலே பிசின் மாதிரி ஏதோ படிந்து இறுகிக் கிடந்தன. வளர்ச்சியே இல்லை. "செத்துப்போச்சுன்னு நெனைக்காத. தூங்குது. இப்ப காயணும். காயாத செடி சீராப் பூக்காது. அப்பப்ப தூறல் விழுந்தா அங்கொண்ணு இங்கொண்ணு பூத்து அறுப்பும் செதறிப்போகும். நல்லாக் காஞ்சு, அப்புறம் ஒரு மழை விழணும்" என்றார். அந்த மழை மார்ச் கடைசியில் வந்தது. விழுந்து எட்டு ஒன்பது நாளில் தோட்டம் முழுக்க ஒரே காலையில் வெள்ளையாகிவிட்டது. மல்லிகை வாசனை லைன் வீடு வரைக்கும் வந்தது. மூன்று நாள் நின்று உதிர்ந்தது. அதற்குப் பிறகு பிஞ்சு நிற்க இன்னொரு மழை வேண்டும், அதுவும் வந்தது. முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் பயிரிடுகிறவன் நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான் என்று யாக்கோபு எழுதியது எனக்கு அந்த வருஷம்தான் படித்த வசனமாக இல்லாமல் பார்த்த வசனமாக ஆனது.

அந்த ஈஸ்டருக்கு நான் பாடினேன். யாரும் என்மேல் கைவைத்து எதையும் துரத்தவில்லை.

அதனால்தான் "எப்போதும் அக்கினியாய் இருக்க வேண்டும், ஒரு நாளும் வறட்சி வரக் கூடாது" என்று சகோதரர் முழங்கினபோது எனக்கு அடிவயிறு எரிந்தது. பூவை எடுக்கச் சொன்னதைவிட இது எனக்குப் பெரிய விஷயம். வறட்சி வராத ஆத்துமா எங்கே இருக்கிறது? "வறண்டதும் விடாய்த்ததும் தண்ணீரற்றதுமான நிலத்திலே" என்று பாடிய தாவீதும் பின்வாங்கிப்போனவரா? எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு சாகக் கேட்டபோது தேவதூதன் அவரை அதட்டினானா? அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். நாம் என்ன செய்கிறோம்? சபைக்கு வருகிறவர்களை மேடையில் நிறுத்தி, உனக்கு ஏன் பூக்கவில்லை என்று கேட்கிறோம். மாசி மாசத்தில் கேட்கிறோம்.

ஒரு தம்பி நியாயமாகக் கேட்டிருக்கிறார்: மழை பொய்த்துவிட்டால்? பூத்த அன்றே அடைமழை பிடித்து மொத்தமும் வீணாகிவிட்டால்? இப்போதெல்லாம் பருவம் தவறித்தானே பெய்கிறது, அப்போது உங்கள் விசுவாசம் எங்கே போகும்? தம்பி, அப்படி வீணான வருஷங்களையும் எங்கள் வீடு பார்த்திருக்கிறது. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்ற ஆபகூக்கின் வசனம்தான் அப்போது எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம். அதற்குமேல் என்னிடம் பதில் இல்லை, தேவையும் இல்லை.

"போதகர் விஷயத்தில் பெண்கள் தலையிடக் கூடாது" என்று எழுதியவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. கல்லறைக்கு முதலில் போனது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சபைக் கமிட்டியில் இருக்கிற அண்ணன்மார் இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு பேர் போன் செய்துவிட்டீர்கள். எழுதாமல் இருக்க மாட்டேன். ஆயா வீட்டுக்குப் போய் யாராவது மன்னிப்புக் கேளுங்கள், பிறகு பேசுவோம்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது, ஜெபம் வராமல், பாட்டு வராமல், கோயிலுக்குப் போனாலே குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தால், என் இன்பாக்ஸுக்கு எழுதுங்கள். எந்தச் சபையாக இருந்தாலும் சரி. மழை விழுந்ததிலிருந்து மலையில் நெட் அடிக்கடி போகிறது, பதில் வர ஒரு நாள் இரண்டு நாள் ஆகலாம். கண்டிப்பாகப் பதில் போடுவேன்.