ஆறாம் எண்ணும் ஏழாம் எண்ணும்

நேற்று மாலையிலிருந்து எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. ஐஸ் தண்ணீர் குடித்ததால் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. ஆமாம், கத்தினேன். நாற்பத்தாறு வயதில், இருநூறு பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, சிமெண்டு கோர்ட்டின் ஓரத்தில் நின்றுகொண்டு, கழுத்தில் விசில் மாட்டியிருந்த ஒரு மனிதரைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அதற்காக வருத்தமில்லை. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக் கேட்டிருக்கலாமே என்ற வருத்தம்தான் இருக்கிறது. அதை இங்கே கேட்டுவிடுகிறேன்.

வருவாய் மாவட்ட அளவிலான பள்ளிக் கூடைப்பந்துப் போட்டி. பதினேழு வயதுக்கு உட்பட்ட மாணவியர் பிரிவு, அரையிறுதி. என் மகள் ஏழாம் எண் சட்டை. எதிரணி, போட்டியை நடத்தும் பள்ளியின் அணி. நடுவர், அதே பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். மாமியார் மருமகள் வழக்குக்கு மாமியாரையே நாட்டாமையாக உட்காரவைத்தது போன்ற ஏற்பாடு. வேறு ஆள் இல்லையா என்று எங்கள் பயிற்சியாளர் கேட்டதற்கு, "வரவேண்டியவர் தேர்வுப் பணிக்குப் போய்விட்டார்" என்றார்கள். சரி, ஒருவராவது இருக்கிறாரே என்று பேசாமல் இருந்தோம். அங்கேதான் தப்பு செய்தோம்.

கூடைப்பந்து நடுவருக்கு முதலில் வேண்டியது கால். கண், விதி அறிவு எல்லாம் அதற்குப் பிறகுதான். பத்துப் பிள்ளைகள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடும்போது நடுவரும் ஓடவேண்டும். அதற்காகத்தான் குறைந்தது இரண்டு பேர் வைப்பார்கள். ஒருவர் முன்னே ஓடிக் கூடைக்கு அடியில் எல்லைக்கோட்டில் நிற்பார், இன்னொருவர் பின்னாலிருந்து பார்ப்பார். ஒருவர் கண்ணுக்குத் தெரியாத கை மற்றவர் கண்ணில் படும். இது ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த ஆடம்பரம் அல்ல. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். அவர் எழுதிய பதின்மூன்று விதிகளிலேயே இரண்டு பேர் உண்டு. ஆட்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க ஒருவர். கூடையில் விழுந்த பந்தை ஏணி வைத்து எடுத்த காலத்திலேயே இரண்டு பேர் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் நடுவர் நடுவட்டத்தைத் தாண்டவில்லை. மிகையாகச் சொல்லவில்லை, மூன்றாம் கால்பகுதி முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தேன். கம்பம் நட்டது போல் நின்றார். பந்து வலப்பக்கம் போனால் உடம்பை வலப்பக்கம் திருப்புவார், இடப்பக்கம் போனால் இடப்பக்கம். கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவர்கூட இதைவிட அதிகம் நடப்பார். அங்கிருந்து கூடைக்கு அடியில் ஐந்தாறு பெண்கள் முட்டிமோதிக் கொள்வதில் எந்தக் கை யாருடைய முன்கையில் அடிக்கிறது என்று எப்படித் தெரியும்? தெரியாது. அதனால் ஊதவில்லை. எங்கள் பிள்ளை ஒருத்தி லே-அப் போட, அதாவது ஓடிவந்து எழும்பிப் பந்தைக் கூடையில் போடப் போனபோது இடுப்பில் இடித்துத் தள்ளினார்கள். சிமெண்டுத் தரையில் முட்டி தேய்ந்து, தோல் உரிந்து, ரத்தம் காலுறைவரை இறங்கியது. விசில் இல்லை. "விளையாடு, விளையாடு" என்று கையை ஆட்டினார். ரத்தம் வந்தால் ஆட்டக்காரரை வெளியே அனுப்பிக் கட்டுப்போட்ட பிறகே உள்ளே விடவேண்டும் என்பது விதி. பயிற்சியாளர் போய் நினைவூட்டியதும்தான் ஆட்டம் நின்றது.

இடைவேளையில் நானே போய் மரியாதையாகக் கேட்டேன். "சார், கூடைக்கு அடியில் கையிலேயே அடிக்கிறார்கள், கொஞ்சம் பக்கத்தில் வந்து பாருங்கள்." அவர் சொன்ன பதில்: "தொட்டதற்கெல்லாம் ஃபவுல் கொடுத்தால் ஆட்டம் நகராது அம்மா. பெண்கள் ஆட்டம்தானே, பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது."

பெண்கள் ஆட்டம்தானே. இந்த "தானே"வை நான் 1999இல் கல்லூரி அணியில் ஆடியபோதும் கேட்டிருக்கிறேன். அப்போது எங்கள் ஆட்டத்தை உச்சி வெயிலில் வைத்துவிட்டு, ஆண்கள் ஆட்டத்தை மாலை நிழலுக்கு ஒதுக்குவார்கள். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. வெயில் அப்படியே இருக்கிறது, "தானே"யும் அப்படியே இருக்கிறது.

ஆனால் விதிகள் அப்படியே இல்லை, அதுதான் அடுத்த வயிற்றெரிச்சல். நான் ஆடிய காலத்தில் இருபது நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள், ஒரு தாக்குதலில் பந்தைக் கூடைக்கு எறிய முப்பது நொடி. 2000இல் அது பத்து நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளாகவும் இருபத்துநான்கு நொடியாகவும் மாறியது. 2010இல் கூடைக்கு அடியில் இருந்த சரிவகக் கட்டம் செவ்வகமானது, வெளியே நின்று எறிந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனது. நேற்று ஆடிய கோர்ட்டில் பழைய சரிவகம் மஞ்சளில் மங்கிக் கிடந்தது, அதன்மேலேயே புதிய செவ்வகத்தை வெள்ளையில் போட்டிருந்தார்கள். மூன்று புள்ளிக் கோடும் இரண்டு. எது செல்லும் என்று ஆட்டத்துக்கு முன் யாரும் சொல்லவில்லை. ஆட்டத்தின் போக்கில் எங்களுக்கே புரிந்தது: எதிரணி எறிந்தால் உள்கோடு, நாங்கள் எறிந்தால் வெளிக்கோடு. அரை மீட்டர்தான் வித்தியாசம். அந்த அரை மீட்டரில் எங்களுக்கு இரண்டு புள்ளி போயிற்று. இரண்டு முறை மூன்று புள்ளி எறிந்து, இரண்டு முறையும் இரண்டுதான் கிடைத்தது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிராவலிங், அதாவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அளவுக்கு மேல் அடி வைக்கும் தவறு, அந்தக் கதை இதைவிட மோசம். ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது, அதற்குப் பிறகு இரண்டு அடி வைக்கலாம் என்று பன்னாட்டு விதி 2017இல் மாறிவிட்டது. பிள்ளைகள் அதை யூடியூபில் பார்த்து, வீட்டு மாடியில் பழகி, தூக்கத்தில்கூடச் செய்வார்கள் போலிருக்கிறது. என் மகள் நேற்று அதை நான்கு முறை அழகாகச் செய்தாள். நான்கு முறையும் விசில். அதற்கு மட்டும் அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. "மூன்று அடி" என்று விரலை மடக்கிக் காட்டினார். எங்கள் பயிற்சியாளர் விதி மாறியதைச் சொன்னபோது, "அதெல்லாம் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் சார், இது பள்ளி ஆட்டம்" என்றார். பாடப்புத்தகம் மாறினால் கணக்கு ஆசிரியர் மாற்றிச் சொல்லித்தரவேண்டும். விளையாட்டு விதி மாறினால் மட்டும் அது என்.பி.ஏ.வுக்குச் சொந்தமாகிவிடுகிறது.

இருபத்துநான்கு நொடிக் கடிகாரம் பள்ளிக் கோர்ட்டில் இருக்காது, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. நடுவர் மனத்துக்குள் எண்ணுவார். அந்த மனக்கடிகாரம் எதிரணி கையில் பந்து இருக்கும்போது நின்று நின்றுதான் ஓடியது என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது ஸ்கோர் எழுதும் டேபிளுக்கு வருகிறேன். டேபிள் என்பது வகுப்பறையிலிருந்து தூக்கிவந்த இரண்டு பெஞ்சு. அதன் பின்னால் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணும், கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் பிடித்திருந்த ஒரு பையனும். ஸ்கோர் ஷீட் என்பது நீள நோட்டிலிருந்து கிழித்த தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அந்தப் பெண் மிகவும் பொறுப்பாகத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஃபவுல் கொடுத்தால் நடுவர் டேபிளுக்கு எதிரே வந்து நின்று, ஆட்டக்காரரின் எண்ணை விரல்களால் காட்டவேண்டும். ஆறு என்றால் ஒரு கையில் ஐந்து, மறு கையில் ஒன்று. ஏழு என்றால் ஐந்தும் இரண்டும். சத்தத்தில் காது கேட்காது என்பதற்காகவே விரலை வைத்தார்கள். எங்கள் நடுவர் விரலை நம்பவில்லை, குரலையும் பாதிதான் நம்பினார். முதுகைக் காட்டிக்கொண்டே எண்ணை முணுமுணுத்துவிட்டு நடுவட்டத்துக்குத் திரும்பிவிடுவார்.

கடைசிக் கால்பகுதி, மூன்று நிமிடம் பாக்கி. 34-31, நாங்கள் முன்னிலை. என் மகளுக்கு நான்கு ஃபவுல். எதிரணிப் பெண் லே-அப்புக்கு எழும்ப, எங்கள் ஆறாம் எண் அவள் தோளில் இடித்தாள். ஃபவுல்தான், மறுக்கவில்லை. அந்த நேரத்தில் என் மகள் எங்கே இருந்தாள் தெரியுமா? மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஆறாம் எண் உடனே கையைத் தூக்கினாள். தவறு செய்தவர் கை தூக்கி ஒப்புக்கொள்வது எங்கள் காலத்துப் பழக்கம். மாலைப் பயிற்சிக்கு நான் போகும் நாட்களில் இந்தப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அவள் தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. நடுவர் அதைப் பார்க்காமல் திரும்பி நடந்தார். டேபிளிலிருந்து சத்தம் வந்தது: "ஏழு, ஐந்தாவது ஃபவுல், அவுட்."

எங்கள் பயிற்சியாளர் ஓடினார். "சார், ஃபவுல் ஆறாம் எண்ணுடையது." நடுவர் அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டார்: "என்ன எழுதியிருக்கிறாய்?" "ஏழு சார்." "ஷீட்டில் ஏழு என்றுதான் இருக்கிறது. ஷீட்டில் இருப்பதுதான் முடிவு."

இங்கேதான் நான் கத்தினேன். ஃபவுலைப் பார்த்தவர் நீங்கள். ஊதியவர் நீங்கள். யார் செய்தது என்று சொல்லவேண்டியவரும் நீங்கள். அதைப் போய் ஒரு குழந்தையிடம் கேட்டு, அது எழுதியதையே சாட்சியாக நீட்டுகிறீர்களே, உங்களுக்குக் கொஞ்சமாவது கூச்சமாக இல்லையா? எழுதியதில் பிழை இருந்தால், நடுவர் ஷீட்டில் கையெழுத்துப் போடும்வரை எந்த நிமிடத்திலும் திருத்தலாம் என்று விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. "அம்மா, கோட்டுக்கு வெளியே போய் நில்லுங்கள்" என்றார். ஆட்சேபம் இருந்தால் அணித்தலைவி கையெழுத்திட ஷீட்டில் ஓர் இடம் இருக்கவேண்டும் என்றேன். நீள நோட்டுத் தாளில் அந்த இடம் ஏது? "எழுதிக் கொடுங்கள், சாயங்காலம் பார்க்கலாம்" என்றார்கள். இறுதிப்போட்டி மூன்று மணிக்கு.

36-38 என்று தோற்றோம். அந்த இரண்டு புள்ளிக் கணக்கு நினைவிருக்கிறதல்லவா?

அந்த மனிதர் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எனக்கே நியாயமாகப் படாது. காலை ஏழு மணியிலிருந்து அவர் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் அவருக்கு ஐந்தாவது ஆட்டம். இடையில் ஒரு டீ, ஒரு தயிர்சாதப் பொட்டலம். கபடிக்கும் அவர்தான், கோ-கோவுக்கும் அவர்தான், அடுத்த வாரம் தடகளத்துக்கும் அவரேதான். கூடைப்பந்து நடுவராக அவருக்கு யாராவது கடைசியாகப் பயிற்சி கொடுத்தது எப்போது என்று கேட்டால் அவருக்கே நினைவிருக்காது. அவர் காலைக் கட்டிப்போட்டது சோம்பல் மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விரலைக் காட்ட எத்தனை தெம்பு வேண்டும்? ஆறு விரல். அதற்குமா ஆள் பற்றாக்குறை?

எங்கள் பயிற்சியாளர் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. பிறகு என்னிடம் தணிந்த குரலில், "நாளைக்கு நான் நடுவராக நிற்கும் இடத்துக்கு இவர் அணியை அழைத்து வருவார் மேடம், முகத்தில் விழிக்கவேண்டாமா?" என்றார். எல்லாரும் ஒரே வட்டத்து ஆசிரியர்கள். இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு. நடுவில் பந்தாக உருள்வது பிள்ளைகள்.

"விளையாட்டுதானே, விடுங்கள்" என்று என் கணவர் இரவு சொன்னார். விட்டுவிடலாம், அது விளையாட்டு மட்டுமாக இருந்தால். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று ஐந்நூறு இடங்கள் இருக்கின்றன. அரசு வேலையில் மூன்று சதவீதம். அதற்கெல்லாம் சான்றிதழ்தான் பேசும், மேலே போகப்போகச் சான்றிதழின் எடை கூடும். மாவட்டத்தோடு நின்றுபோன பிள்ளை மாநிலத்துக்குப் போகவே இல்லை என்றுதான் தாளில் இருக்கும். ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுத்தார் என்பது அதில் எங்கேயும் இருக்காது.

கோடை விடுமுறைக்குத் தாய்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மகளைப் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு அழைத்துப் போவேன். இரவு விளக்கு வெளிச்சத்தில் பெரிய பெரிய அணிகள் ஆடும். அவள் ஆட்டக்காரர்களைப் பார்ப்பாள், நான் நடுவர்களையும் பார்ப்பேன். விசில் ஊதியதும் ஓடிவந்து, நின்று, நிமிர்ந்து, விரலைக் காட்டுவார்கள். ஒரு நடனம் போலவே இருக்கும். இதே மாநிலம், இதே விதிப் புத்தகம்.

திரும்பும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. என் மகள்கூட அழவில்லை, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அழுதது ஆறாம் எண்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வலது கையைத் தோளுக்குமேல் உயர்த்திக் காட்டினாள்.

"நான் கை தூக்கினேன் ஆன்ட்டி. நன்றாகத்தான் தூக்கினேன்."