உடன் வந்தவரின் குடியேற்றம்

வேலைக்காக வெளிநாடு சென்ற ஒருவர் அங்கே காலூன்றிவிட்டாரா என்பதை அவருடைய சம்பளத்தையும் பதவியையும் வைத்தே நாம் பெரும்பாலும் முடிவு செய்கிறோம். அந்தக் கேள்வியை அவருடன் சென்ற மனைவியிடமோ கணவரிடமோ கேட்பதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலையில் சேர்பவருக்கு முதல் நாளிலேயே ஓர் இருக்கையும், அடையாள அட்டையும், பெயர் சொல்லிக் கூப்பிடும் சக ஊழியர்களும், காலையில் எழுந்து கிளம்ப ஒரு காரணமும் கிடைத்துவிடுகின்றன. வாடகை ஒப்பந்தத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் கேட்கப்படும் சம்பளச் சான்று அவர் பெயரில்தான் இருக்கிறது. உடன் வந்தவர், சொந்த ஊரில் பல ஆண்டுகள் பணியாற்றியவராக இருந்தாலும், இங்கே எந்தப் படிவத்திலும் ‘சார்ந்திருப்பவர்’ என்ற கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார். அவருடைய தங்கும் உரிமை இன்னொருவரின் வேலையோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அந்த வேலை போனால் அதுவும் கேள்விக்குறியாகிவிடுகிறது. திருமண வாழ்வில் கொடுமை நேர்ந்தாலும் வெளியேறத் தயங்கி, பலர் வாய்மூடி இருப்பதற்கு இந்தப் பிணைப்பும் ஒரு காரணம் என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

புதிய பண்பாட்டில் ஏற்படும் அதிர்ச்சியைப் பற்றி மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எப்போது கைகுலுக்குவது, எந்த அழைப்பை ஏற்பது, கடையில் எப்படிப் பொருள் வாங்குவது என்று நாம் யோசிக்காமலேயே செய்துவந்தவை கைவிட்டுப் போவதால்தான் அந்தப் பதற்றம் எழுகிறது என்று அவர் விளக்கினார். அந்த உரையை அவர் நிகழ்த்தியது ஒரு மகளிர் மன்றத்தில் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அலுவலகச் சுவர்களுக்கு வெளியே, கடையிலும் பள்ளி வாசலிலும் மருத்துவமனையிலும் புதிய நாட்டை நாள் முழுவதும் நேருக்கு நேர் சந்திப்பவர் பெரும்பாலும் உடன் வந்தவர்தான்.

இதில் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஜெர்மனியில், வெளிநாட்டு உயர்திறன் பணியாளர்களுக்கான தங்கும் அனுமதியான நீல அட்டையைப் பெற்றவரின் வாழ்க்கைத்துணை தடையின்றி வேலை பார்க்கலாம். அமெரிக்காவிலோ, எச்-1பி வேலை விசாவில் சென்றவரின் வாழ்க்கைத்துணைக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், அதுவும் 2015இல்தான், வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு வந்தது. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான நடைமுறையில், வேலை பார்க்கும் துணைவர் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால்தான் அதுவும் பொருந்தும். ஒரே படிப்பும் ஒரே திறமையும் கொண்ட இருவரில் ஒருவர் வேலைக்குப் போவதும் மற்றவர் வீட்டில் இருப்பதும், துணைவருக்கு எந்த நாட்டில் வேலை கிடைத்தது என்பதைப் பொறுத்து அமைந்துவிடுகிறது.

ஆகவே, வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுங்கள். உடன் வருபவர் வேலை பார்க்கலாமா? மருத்துவம், செவிலியம், ஆசிரியப் பணி போன்ற தொழில்களுக்கு அங்கே மறுபதிவோ தேர்வோ தேவையா, அதற்கு எவ்வளவு காலம் ஆகும்? நிறுவனம் தரும் மொழிப் பயிற்சி ஊழியருக்கு மட்டுமா, குடும்பத்துக்கும் சேர்த்தா? சம்பளத்தைப் பேசும் நேரத்தில் இதையும் பேசலாம். நிறுவனம் விட்டுக்கொடுக்க வாய்ப்புள்ள நேரமும் அதுதான். சென்று சேர்ந்ததும் வங்கிக் கணக்கிலும் வாடகை ஒப்பந்தத்திலும் இருவர் பெயரும் இடம்பெற முடியுமா என்று விசாரியுங்கள். கடவுச்சீட்டும் தங்கும் அனுமதி ஆவணங்களும் அவரவர் கையிலேயே இருக்கட்டும்.